துரை வீட்டுச் சுவரில் அப்பா

எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு பெயர்தான். அதுவே அதிகம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரண்டாவது பெயர் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் வரும். அறந்தாங்கியில் ஏஜெண்ட், சர்நேம் என்ன என்று கேட்டான். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இல்லை என்றேன். அப்பன் பேரைச் சொல்லு என்றான். கருப்பையா என்றேன். எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து நான் ராசு கருப்பையா.

ஷார்ஜாவில் இறங்கியதும் ராசு தொலைந்துபோனான். ஹாஜர் எடுக்கிறவர், சம்பளம் கொடுக்கிறவர், கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவர், எல்லோருக்கும் நான் கருப்பையாதான். போர்மேன், "அரே கருப்பையா, ஜல்தி!" என்று கத்துவார். அதற்குப் பின்னால் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தனையும் ஊரில் வரப்பில் நிற்கிற அப்பாவுக்குத்தான் போய்ச் சேருகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. (அந்த மனுசனுக்கு அங்கே எத்தனை தடவை புரையேறியதோ.)

இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. சொன்னாலும் சிரிக்கத்தான் போகிறீர்கள்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. நான் பெயிண்டர். பட்டி பார்ப்பேன், தேய்ப்பேன், ரோலர் ஓட்டுவேன். பேச மாட்டேன். பேசுவதற்கு என்னோடு பாண்டி இருந்தான். பரமக்குடிப் பக்கம். முவைலா லேபர் கேம்பில் ஒரே ரூம், ஒரே இரும்புக் கட்டில், அவன் மேலே, நான் கீழே.

கம்பெனி எங்களை ஒரு பழைய வில்லாவுக்கு அனுப்பியது. அதில் ஒரே ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். எழுபது வயது இருக்கும். துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்தவர். பெயர் எண்ட்விசில். அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வராததால் துரை என்றே வைத்துக்கொண்டோம். வீட்டு ஓனரான அரபி, உள்ளே முழுக்க பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். துரை அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

ஹாலைத் தாண்டி ஓர் அறை. ஜன்னல் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சுவரில் பெரிய பலகை. அதில் ஆள் உயரத்துக்கு இங்கிலாந்து வரைபடம். அதன் தலைக்கு மேலே சின்னதாக உலக வரைபடம். இரண்டிலும் சிவப்புக் கொண்டை வைத்த குண்டூசிகள். பெரிய படத்தில் எண்ணி மாளாது. அதிலும் ஓர் இடத்தில் மட்டும் ஊசிமேல் ஊசியாக அப்பிக்கொண்டு, அம்மை போட்ட மாதிரி இருந்தது. மற்ற இடங்களில் அங்கொன்று இங்கொன்று. மேசையில் பெட்டி பெட்டியாக அட்டைகள். சுவரோரம் போட்டோக்கள். எல்லாம் கல்லறை. பாசி பிடித்த கறுப்புக் கல். ஒரு போட்டோவில்கூட ஆள் இல்லை.

பாண்டி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாப்ள, இது வீடு இல்லடா."

"பின்ன?"

"ஆளுக்குச் செய்வினை செஞ்சு வைக்கிற எடம்."

"ரோலர எடு," என்றேன்.

துரைக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த கொஞ்சம் வேறு, எனக்குத் தெரிந்த கொஞ்சம் வேறு. பலகையைக் காட்டி, "யே தீவார் நஹி," என்றார். இந்தச் சுவர் வேண்டாம். மற்றதெல்லாம் அடித்துக்கொள்.

அடிக்க ஆரம்பித்தோம். அடுத்த அறையில் நான் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது. யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து, அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஜான் எண்ட்விசில்."

நிறுத்தினார்.

"மேரி எண்ட்விசில்."

நிறுத்தினார்.

"ஜான் எண்ட்விசில்."

கேம்பில் காலையில் ஹாஜர் எடுப்பார்களே, அதே மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்சம் காத்திருந்தார். பதில் வருகிறதா என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெயருக்கு ஏசி 'டக்' என்றது. துரை தலையாட்டிவிட்டு அடுத்த அட்டைக்குப் போனார்.

நான் என் சுவருக்கு வந்தேன். அன்றைக்குத் தேய்த்த மாதிரி நான் எந்தச் சுவரையும் தேய்த்ததில்லை. சிமெண்ட் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை அந்த அறைக்குள் வேலை. நான் எதிர்ச் சுவரில் இருந்தேன். துரை தேநீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பலகையைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, "எண்ட்விசில்," என்றார். பிறகு அதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். பாதி கைதான்.

இரண்டு விரலைக் கவை மாதிரி விரித்தார். "நதி," என்றார். ஆறு இரண்டாகப் பிரிகிற இடம். புரிந்தது. அப்புறம் ஒரு பறவை. அதற்கு இந்தியில் அவருக்குச் சொல் வரவில்லை. எனக்கும் வராது. கொஞ்சம் யோசித்தார். கையிரண்டையும் இடுப்பில் சேர்த்து, கழுத்தை நீட்டி, "குவாக்," என்றார்.

எழுபது வயது மனிதர். இருட்டு அறை. சுற்றிலும் கல்லறை. "குவாக், குவாக்."

பாண்டி கையில் இருந்த பிரஷ் கீழே விழுந்தது.

வாத்து மேய்கிற ஆற்றுக் கவை. அதுதான் அந்தப் பெயர். அப்படி ஓர் ஊர் இருக்கிறதாம். அந்த ஊரிலிருந்து கிளம்பிப் போனவர்களுக்கு அந்த ஊரே பெயராக ஒட்டிக்கொண்டதாம். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரில் யாரையும் எங்கள் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வெளியூரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவனைத்தான் அங்கே 'அறந்தாங்கியான்' என்பார்கள். ஊரை விட்டவனுக்குத்தான் ஊர் பெயராகும். நாங்கள் பெயருக்கு முன்னால் ஊரை வைப்போம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மை போட்ட இடத்தைக் காட்டினார். "லங்காஷயர்." போல்டன், பரி, பிளாக்பர்ன் என்று விரலை நகர்த்தினார். பெரும்பாலும் எல்லோரும் அந்த ஒரே வட்டாரத்தில்தான். மில் வேலைக்குப் போனவர்கள்கூடப் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டார்கள். லண்டன் பக்கம் கொஞ்சம். தெற்கே, வடக்கே, இல்லவே இல்லை என்று சொல்லலாம். உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவில் சில ஊசி, கனடாவில் சில. ஷார்ஜாவில் ஒன்றே ஒன்று. அது அவர்.

"இவங்க எல்லாம் எங்கே?" என்று அம்மைக் கூட்டத்தைக் காட்டிக் கேட்டேன்.

தரையைக் காட்டினார். "கபர்."

குழிக்குள்.

பிறகு என்னைப் பார்த்தார். "தும்ஹாரா சர்நேம்?"

"கருப்பையா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல மீனைப் பார்த்த பூனைக்கு வருமே, அது. "மத்லப்?" அர்த்தம் என்ன? "காலா சாப்," என்றேன். கறுப்பு ஐயா. எந்த ஊர்? உலகப் படத்தில் அறந்தாங்கியைத் தேடினேன். இல்லை. சிலோனுக்கு மேலே, கரை உள்வாங்குகிற இடத்தில் விரலை வைத்தேன். கடைசியாக, "கித்னா?" என்றார். எத்தனை கருப்பையா?

எத்தனை என்றால் என்ன சொல்வது? அப்பா எத்தனை பேர் என்று யாராவது கேட்பார்களா?

"ஏக்," என்றேன்.

"ஏக்?"

"ஏக் ஹி."

ஒரே ஒருவர்தான். துரை என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு இரக்கம். காட்டில் கடைசியாக மிஞ்சிய புலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தக் கருப்பையா எந்த வருசம் பிறந்தார் என்று கேட்டார். சுதந்திரம் வந்த வருசம் என்று அப்பா சொல்வார். அதைச் சொன்னேன். புது அட்டை ஒன்றை எடுத்தார். கருப்பையா என்று எழுதினார். 1947 என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. அந்த இடத்தைப் பேனா முனையால் இரண்டு தரம் தட்டிவிட்டு அட்டையைப் பெட்டியில் செருகினார். ஒரு சிவப்பு ஊசியை எடுத்து, நான் விரல் வைத்த இடத்தில், கட்டைவிரலால் அழுத்திக் குத்தினார்.

ராத்திரிச் சாப்பாட்டில் பாண்டி விசாரணையை ஆரம்பித்தான்.

"அட்டையில என்ன எழுதுனான்?"

"அப்பா பேரு. பொறந்த வருசம். அப்பறம் ஒரு கோடு."

"கோட்டுக்கு அந்தாண்ட?"

"காலி."

"மத்தவன் அட்டையில?"

யோசித்துப் பார்த்தேன். "ரெண்டு பக்கமும் வருசம் இருக்கு."

பாண்டி தட்டைக் கீழே வைத்தான். "அப்ப அவய்ங்க எல்லாம் போயாச்சு. ஒங்கப்பாவுக்கு எடம் விட்டு வச்சுருக்கான்."

"அவருக்கு எதுக்குடா?"

"ஒருத்தருதான் இருக்காருன்னு நீதானடா சொன்ன. ஒரு ஊசியோட கணக்கு முடிஞ்சிரும்ல. அவனுக்கும் சோலி மிச்சம்."

"அவரு நல்ல மனுசன் மாதிரி இருக்காருடா."

"நல்ல மனுசன் வாத்து மாதிரியாடா கத்துவான்?"



வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து தம்பி சுப்பு போன் பண்ணினான். அவன் சும்மா பண்ண மாட்டான். மிஸ்டு கால் கொடுப்பான், நான்தான் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அவனே பண்ணினான்.

"அண்ணே, அப்பா படுத்துட்டாருண்ணே. எந்திரிக்க மாட்டேங்குறாரு."

"என்ன செய்யுது?"

"நெஞ்சுல குத்துதுங்குறாரு."

"எப்பருந்து?"

"பொதங்கெழமையிலருந்து."

"எப்புடிக் குத்துது?"

"ஒரே எடத்துல. ஊசிய வச்சு அமுக்குன மாதிரி இருக்குங்குறாரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மேல்கட்டிலிலிருந்து பாண்டியின் தலை தொங்கியது. பாண்டி எதுவும் சொல்லாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

லீவு கேட்கலாம். ஸ்பான்சரான கபீலிடமிருந்து பாஸ்போர்ட் வந்து, டிக்கெட் போட்டு, நான் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ. துரையிடமே கேட்கலாம். "கேட்டா இன்னும் அமுக்கி விட்ருவான்," என்றான் பாண்டி. ஒரே வழிதான் இருந்தது. அது முவைலாவிலிருந்து பிக்கப்பில் போகிற தூரத்தில், ஒரு சுவரில் குத்தியிருந்தது.

சனிக்கிழமை வேலைக்குப் போனபோது காற்று எழும்பிவிட்டது. மதியத்துக்குள் வானம் செம்மண் நிறமாகிவிட்டது. எதிர் வீடு தெரியவில்லை. மணல் ஜன்னலில் உரசுகிற சத்தம், யாரோ சின்னச் சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி நிற்காமல் கேட்டது. பழுப்புத் தாள் வழியாக வந்த வெளிச்சத்தில் அறை முழுக்க மஞ்சள் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. ஊசிக் கொண்டைகள் எல்லாம் கண் மாதிரி மின்னின.

துரை காரை மூடிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார்.

பாண்டி ஹாலில் காவல். "வந்தா இருமுறேன்," என்றான்.

புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று இருவருமே நினைத்தோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மணல் காற்றில் நிற்கிற ஒருவன் வேறு எதற்காகவும் இருமக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏணியைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். தரையில் பெயிண்ட் சிந்தாமல் இருக்க பிளாஸ்டிக் விரித்திருந்தோம். ஏணி அதன் மேல் நின்றது. ஏறினேன். உலகப் படம் முகத்துக்கு நேராக வந்தது. அப்பா சிவப்பாக இருந்தார். பிடித்து இழுத்தேன். வரவில்லை. விரலில் எல்லாம் பட்டி மாவு, வழுக்கியது. மறுபடி இழுத்தேன். துரை கட்டைவிரல் சாதாரணக் கட்டைவிரல் இல்லை. கடைசியில் குனிந்து பல்லால் கவ்வினேன்.

அப்போது பாண்டி இருமினான்.

அப்படியே உறைந்துபோனேன். இந்தியாவைக் கடித்தபடி.

யாரும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி இருமல். பிறகு தொடர்ந்து இருமல். துரை மட்டும் இல்லை, துறைமுகமே திரண்டு வருகிறது என்று நினைத்தேன். அவசரத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். ஊசி வந்தது. ஏணியின் கால் பிளாஸ்டிக்கில் நழுவியது. கையில் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது பலகை.

பலகை சுவரை விட்டு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. நான் முதலில் விழுந்தேன், ஏணி இரண்டாவது, மேசை முனையில் மோதி இங்கிலாந்து மூன்றாவது.

சத்தம் அடங்கியபோது ஊசி என் பல்லிலேயே இருந்தது. அப்பா வெளியே வந்துவிட்டார். மற்ற எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தரை முழுக்கச் சிவப்பு. ஓர் ஊசி மட்டும் பிளாஸ்டிக்கின் மேல் உருண்டு, உருண்டு, கதவுவரை போய் நின்றது. வெளியே போகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஓடிவிட்டிருக்கலாம். நான் பலகையைத் தூக்கி மாட்டினேன். ஊசிகளைக் கை கையாக அள்ளிக் குத்த ஆரம்பித்தேன்.

ஊசி இருந்த இடத்தில் ஓட்டை இருக்குமே, அதிலேயே குத்தியிருக்கலாமே என்று பின்னாளில் எல்லோரும் கேட்டார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஓட்டை தெரியவில்லை. தெரிந்திருந்தால் பட்டி வைத்து அடைத்திருப்பேன். என் கை அப்படி. பள்ளம் கண்டால் நிரப்பும், மேடு கண்டால் தேய்க்கும். ஒரே இடத்தில் ஏன் இத்தனை பேர் நெருக்கியடிக்க வேண்டும்? பரவலாகக் குத்தினேன். மேலே ஒரு பெரிய இடம் ஓர் ஊசிகூட இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. பாவமாக இருந்தது. அங்கே ஒரு கை நிறைய. இடது பக்கம் கீழே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மூக்குத்தி. கரையோரம் முழுக்க வரிசையாக ஒரு பார்டர். தூர நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முன்பைவிட அழகாகவே இருந்தது.

பாண்டி இருமிக்கொண்டே இருந்தான். நான் காதில் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது.

திரும்பினேன். வாசலில் ஓர் உருவம் நின்றது. தலை மண். புருவம் மண். சட்டை, கை, உதடு எல்லாம் மண். முகத்தில் கண் மட்டும் ஈரமாக இருந்தது. இப்போதுதான் குழியிலிருந்து எழுந்து வந்த மாதிரி நின்றது.

கத்தினேன். பல்லில் ஊசி இருந்ததால் சத்தம் மூக்கு வழியாக வந்தது.

உருவம் துரையாகி உள்ளே வந்தது. என்னைப் பார்க்கவில்லை. பலகைக்குப் போனார். அம்மைக் கூட்டம் இருந்த இடத்தில் விரலை வைத்தார். அங்கே இப்போது நாலைந்து ஊசிதான். மேலே மொட்டையாக இருந்த இடத்துக்கு விரல் போனது. அங்கே ஒரு பெருங்கூட்டம். ஒவ்வொரு ஊசியாகத் தொட்டார்.

"யே கோன்?" என்றார். இது யார்? அடுத்ததைத் தொட்டார். "யே கோன்?"

எனக்கும் தெரியாது. ஊசியைப் பல்லிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "பாப்பா," என்றேன். "பீமார். பின்..." அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊசி என்று நெஞ்சில் குத்திக் காட்டினேன். "அட்டை காலி." அட்டைக்கு இந்தி வரவில்லை. கண் எரிந்தது. மண்ணாக இருக்கும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவின் அட்டையைத் தேடி எடுத்தார்.

"பாப்பா... ஜிந்தா?"

"ஜிந்தா."

கருப்பையா என்பது உயிரோடு இருக்கிற ஒரு மனிதர். குடும்பப் பெயர் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொரு பெட்டியைத் திறந்து ஓர் அட்டையைக் காட்டினார். அவருடைய பெயர். பிறந்த வருசம். கோடு. அந்தப் பக்கம் காலி. எழுதாத வெறும் அட்டைகளைக் காட்டினார். எல்லாவற்றிலும் அந்தக் கோடு அச்சடித்தே இருந்தது. கடையில் வருவதே அப்படித்தான்.

வாசலில் நின்ற பாண்டி, "சாவையும் அட்டையிலயே அடிச்சு விக்கிறாய்ங்களா!" என்றான். (அவனுக்கு அது இன்னும் பெரிய பயம்.)

துரை விடவில்லை. உன் அப்பாவின் சர்நேம் என்ன என்றார். அவருடைய அப்பா பெயர், சின்னையா. அவருக்கு? அவருடைய அப்பா பெயர். அது என்ன? தெரியாது.

"நஹி மாலும்?"

"நஹி மாலும்."

என் மகனுக்கு என் பெயர்தான் வரும். அவன் மகனுக்கு அவன் பெயர். கருப்பையா என்னோடு சரி. இதை நான் விரல் மடக்கிச் சொன்னபோது, அவர் முகம் மண்ணுக்குள்ளேயே வெளுத்தது.

"மர்னே கே பாத்... கைசே டூண்டேகா?"

செத்த பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"க்யூன் டூண்டேகா?" என்றேன். எதுக்குத் தேடணும்?

மரியாதையில்லாமல் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் அப்பாவின் அட்டையை மேசையில் வைத்தார். மணல் மட்டும் ஜன்னலில் புடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாப்பா," என்றார்.

சுப்பு எடுத்தான். "அண்ணே, எந்திரிச்சுட்டாருண்ணே! கஞ்சி கேட்டுக் குடிச்சுக்கிட்டிருக்காரு. கெடா வெட்டுல தின்ன கறியாம். வாயுப் புடிப்புன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒண்ணுமில்ல."

"எப்ப எந்திரிச்சாரு?"

"இப்பத்தாண்ணே. படக்குன்னு எந்திரிச்சாரு. யாரோ புடுங்கிவிட்ட மாதிரி விட்ருச்சுங்குறாரு."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பாண்டியைப் பார்த்தேன். பாண்டி தரையைப் பார்த்தான். தரையில் நான் பொறுக்காமல் விட்ட ஊசிகள் கிடந்தன. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும்.

"மாப்ள," என்றான் மெதுவாக. "ஒரு ஊசியப் புடுங்குனதுக்கு ஒங்கப்பா எந்திரிச்சுட்டாரு."

"ம்."

"நீ அத்தனையையும் புடுங்கிட்டியேடா."

அந்த லங்காஷயரில் அன்று மதியம் எத்தனை பேர் பாசிக் கல்லைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்களோ தெரியாது. எழுந்தவர்களை நான் வேறு ஊரில் குத்தி வைத்திருக்கிறேன்.

துரை போர்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் விசா அன்றோடு கலாஸ். வேறு ஒன்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் வருவாயா என்றார். வந்தேன். அவர் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வார், ஊர் சொல்வார், இடத்தைக் காட்டுவார், நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் நான் ஊசி குத்துவேன். நான் வருவதற்கு முன்பு அந்த நிறுத்தத்தில் அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்று கேட்கவில்லை. சில விசயங்களைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

அப்படி வெள்ளி வெள்ளியாகப் போய் போல்டனும் பரியும் எனக்குக் கை பழகிவிட்டன. "ஜான் எண்ட்விசில்," என்றால், "எந்த ஜான்?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கடைசி அட்டை முடிந்தபோது ஓர் ஊசி மிஞ்சியது. அட்டைகளை மறுபடி பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். அப்பாவின் ஊசியும் இல்லை அது, அதை நான் முதல் நாளே கொர்னீஷ் பக்கம் போய்க் கடலில் எறிந்துவிட்டேன். துரை அந்த ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் என்னை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கேம்பில் கொஞ்ச நாள் என்னை 'அப்பன் பேரைக் காப்பாத்துனவன்' என்றார்கள். பாண்டி கதை சொல்கிற ஆள். நானும் அவனும் ஊருக்கு லீவில் போனபோது எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வாத்துச் சத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனான். அப்பா முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. "ஒரு ஆள்னா சொன்ன?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். "நம்ம தெருவுலயே நாலு கருப்பையா இருக்கோமேடா. மத்த மூணு பேருக்கும் ஏதாவது ஆயிருந்தா?"

அப்பா இன்னும் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். இப்போது ஊரோடு இருக்கிறேன், ஆனாலும் அவருக்குக் காய்ச்சல் வந்தால், கால் பிசகினால், பல் வலித்தால்கூட, வீட்டில் எல்லோரும் கூடி நிற்கும்போது என்னைத்தான் தேடுவார். "எங்கடா ராசு? எவன் வீட்டுச் செவுத்துலடா என்னையக் குத்தி வச்சுருக்க? போய்ப் புடுங்கு போ." பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

போன மாதம் பேங்கில் ஒரு பிள்ளை, "சர்நேம் என்னங்க சார்?" என்று கேட்டது. நல்ல பிள்ளை. முதலில் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.